ஹெர் வான்னர் இறந்த கன்டோன்

ஹெர் வான்னர் செத்தது என்ன நாள் எண்டு எல்லாருக்கும் தெரியும். என்ன நேரம் எண்டும் அஞ்சு நிமிசம் முன்பின்னாத் தெரியும். எந்தக் கன்டோனிலை, அதுதான் எந்த மாகாணத்திலை, செத்தவர் எண்டதுதான் ஒருத்தருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கவெண்டு இந்த நாடு இரண்டு வருசமும் ஏழு மாசமும் எடுத்தது. அப்பவும் கண்டுபிடிக்கேல்லை.

நான் அந்த விசாரணைக்கு மொழிபெயர்ப்பாளன். பேர் சிறீதரன். எங்களிட்டைக் கையெழுத்து வாங்கிப்போட்டுத்தான் கதிரையிலை இருத்துவினம். சொன்னதை மட்டும் சொல்ல வேணும், கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது, கண்ணாலைகூடச் சாடை காட்டக்கூடாது. நான் அப்படியே இருந்தனான். அண்டைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்ததுக்கெல்லாம் சேர்த்துத்தான் இப்ப கதைக்கிறன். கொஞ்சம் சூடாத்தான் இருக்கும், பொறுத்துக் கேளுங்கோ.

முதல் பாலசிங்கம் அண்ணையைப் பற்றிச் சொல்ல வேணும். கைதடி ஆள். எண்பத்தாறிலை அகதியா வந்து, ஷாஃப்ஹவுசனிலை ஒரு முதியோர் விடுதியிலை வேலை. வயசு போனவையைக் குளிப்பாட்டிறது, சாப்பாடு தீத்திறது, சவரம் எடுத்துவிடுறது. பத்து வருசம் காத்திருந்து தொண்ணூற்றாறு மாசியிலைதான் அவருக்கு பி பெர்மிட் எண்ட வதிவிட அனுமதி கிடைச்சது. கிடைச்ச கிழமையே மனிசி ஜெயமலரையும் மகள் வேணுகாவையும் கூப்பிட விண்ணப்பம் போட்டார். அவை இரண்டு பேரும் கொழும்பு வெள்ளவத்தையிலை ஒரு லொட்ஜ் அறையிலை இருந்தவை. அவர் நாட்டை விட்டு வெளிக்கிடேக்கை வேணுகாவுக்கு அஞ்சு வயசு. விண்ணப்பம் போடேக்கை பதினைஞ்சு முடிஞ்சிட்டுது.

விண்ணப்பத்துக்கு வேண்டினது நிரந்தர வேலை, மூண்டு அறை வீடு, நல்ல பேர். நல்ல பேர் எண்டால் சனம் சொல்லுற நல்ல பேர் இல்லை. இந்த ஆளிலை வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை எண்டு அரசாங்கக் கந்தோர் தாற கடுதாசி. அதோடை பிள்ளைக்குப் பதினெட்டு வாறதுக்கு முதல் முடிவு வந்திட வேணும். விண்ணப்பம் போட்ட நாள் கணக்கில்லை, முடிவு எழுதிற நாள்தான் கணக்கு.

"கிட்டத்தட்ட மூண்டு வருசம் கிடக்கு, சிறி. எவ்வளவுதான் ஆடிப்பாடி வந்தாலும் அதுக்குள்ளை முடிச்சிடுவாங்கள்" எண்டு சிரிச்சார். வேலை இருந்தது. வீட்டையும் எடுத்திட்டார். நல்ல பேரும் இருந்தது, ஆனி மாசம் முதலாவது ஞாயிறு காலமை ஒன்பது மணி வரைக்கும்.

ஹெர் வான்னர், ஹெர் எண்டால் திரு, அந்த விடுதியிலை இருந்த கிழவர். எண்பத்து நாலு வயசு, பிள்ளை குட்டி இல்லை. பாலசிங்கத்தைப் "பாலு" எண்டு கூப்பிடுவார். வேறை ஆரையும் தன்ரை முகத்திலை சவரக்கத்தி வைக்க விடமாட்டார். அவற்றை அலுமாரிக்குள்ளை ஒரு பழைய பட்டாளத் துவக்கு நிண்டது. பயப்பிடாதேங்கோ, இந்த நாட்டிலை அது குடை மாதிரி, கன ஆம்பிளையளின்ரை அலுமாரியிலை நிக்கும். வருசத்திலை ஒருக்கா ஊர் ஊரா வயலுக்குள்ளை கூடி, இலக்கு வைச்சு ஆளுக்குக் கொஞ்சம் சுட்டு, பேந்து சொசேஜ் சாப்பிட்டு, பியர் குடிச்சு, பழங்கதை பறைஞ்சு வீட்டை போவினம். எங்கடை ஆக்களுக்குத் தேர் எப்படியோ அவைக்கு அது அப்படி. "இந்த வருசம்தான் எனக்குக் கடைசி, என்னைக் கூட்டிக்கொண்டு போ, பாலு" எண்டு மனிசன் ஒரு மாசமா ஒரே ஆக்கினை.

பாலசிங்கம் துவக்கைக் கண்டாலே விலகிப் போவார். துவக்காலைதானே ஊரை விட்டு வந்தது. "நான் காரோட்டுவன், உந்தச் சாமானைத் தொடமாட்டன்" எண்டிட்டார். விடுதித் தலைவி நல்ல மனிசி. அதுக்கெண்டே ஒரு கடிதம் அடிச்சுக் கையெழுத்தும் வைச்சுக் குடுத்தா.

"திரு. வான்னர் தமது துவக்குடன் பயணம் செய்கிறார். திரு. பாலசிங்கம் திரு. வான்னருடன் பயணம் செய்கிறார். திரு. பாலசிங்கம் துவக்குடன் பயணம் செய்யவில்லை."

இந்த மூண்டு வசனமும் பேந்து கோப்பிலை நாற்பது பக்கமாச்சு.

சுடுற ஊருக்கு ஆத்தங்கரைத் தெருவாலை இருபது கிலோமீற்றர். அந்த இருபதுக்குள்ளை மூண்டு கன்டோன் வரும். கன்டோனுக்கொரு பள்ளிக்கூட விடுமுறை, கன்டோனுக்கொரு வரி, அந்த நாளையிலை கன்டோனுக்கொரு துவக்குச் சட்டம். முழு நாட்டுக்கும் ஒரே சட்டம் எழுதப் போறம் எண்டு தலைநகர் பெர்னிலை அப்பதான் கதைச்சுக்கொண்டு இருந்தவை. வழியிலை வாற இரண்டையும் முதலாங் கன்டோன், இரண்டாங் கன்டோன் எண்டு வைப்பம். பேர் சொல்லமாட்டன், எனக்கு இன்னும் அங்கை வேலை இருக்கு.

முதலாங் கன்டோனிலை, வாகனத்திலை போற துவக்கு சொந்தக்காரன்ரை கைக்கு எட்டிற தூரத்திலை இருக்க வேணும். ஏனெண்டால் அவன் பொறுப்பான பிரஜை. இரண்டாங் கன்டோனிலை அது கைக்கு எட்டாமல் டிக்கிக்குள்ளை இருக்க வேணும். ஏனெண்டால் அவனும் மனிசன்தானே.

ஹெர் வான்னர் சட்டத்தை மீறாத ஆள். எல்லைக் கல்லுக்குப் பத்து மீற்றர் இஞ்சாலை, சீனிக்கிழங்குத் தோட்டத்தடியிலை, "நிப்பாட்டு, பாலு" எண்டார். பாலசிங்கம் டிக்கியைத் திறந்துவிட்டிட்டுத் தள்ளி நிண்டார். கிழவர் பொல்லை ஊண்டி இறங்கி, பின் சீற்றிலை கிடந்த துவக்கைத் தானே தூக்கி, தானே கொண்டுபோய் டிக்கிக்குள்ளை வடிவாக் கிடத்தினார். திரும்பி வந்து இருக்கேக்கை நல்லா இளைச்சது. முன் சீற்றைச் சரிச்சுச் சாய்ஞ்சார். "ஒரு நிமிசம் பொறு, பாலு. மூச்சு வரட்டும், போவம்." அந்த ஒரு நிமிசத்துக்குள்ளை மனிசன் செத்துப்போனார்.

பாலசிங்கம் நாடி பாத்தார். விடுதியிலை எத்தினை பேருக்குக் கண்ணை மூடிவிட்ட கை அது, அவருக்கு விளங்கும். சொந்தமெண்டு ஒருத்தரும் இல்லாத மனிசன், நடுத்தெருவிலை இப்படிக் கிடக்கிறாரே எண்டு அவருக்கு அழுகை வந்திட்டுது. முதலுதவிப் பெட்டியிலை இருந்து பண்டேஜ் எடுத்துத் தாடையைக் கட்டினார். சப்பாத்தைக் கழட்டி இரண்டு கால் பெருவிரலையும் சேர்த்துக் கட்டினார். வாய்க்குப் பால் விட வேணும். பாலுக்கு எங்கை போறது? கோப்பிக்கு விடுற சின்னக் கிறீம் டப்பி இரண்டு காருக்குள்ளை கிடந்தது. ஒண்டை உடைச்சு மூண்டு துளி விட்டார். கார் கிழக்கை பாத்து நிண்டதாலை, சாய்ஞ்சு கிடந்தவரின்ரை தலை மேற்காலை இருந்தது. பிரேதத்தை அப்படி விட அவருக்கு மனம் கேக்கேல்லை. காரைப் பின்னாலை எடுத்து, தோட்டத்துப் பாதைக்குள்ளை விட்டு, தலை தெற்கை வாற மாதிரித் திருப்பி நிப்பாட்டினார்.

எல்லை அந்தத் தோட்டத்துக்குள்ளை வளைஞ்சு வாறதாலை, பின் சில்லு இரண்டும் எல்லைக் கல்லைத் தாண்டிப் போட்டுது. துவக்கு டிக்கிக்குள்ளை.

பேந்து அவரே அந்தத் தோட்டத்துக் கமக்காரன் வீட்டை நடந்துபோய்ப் பொலிசுக்குப் போன் அடிச்சவர். இரண்டு கன்டோன் பொலிசும் வந்தது. ஒரு கல்லிலை இருந்து மற்றக் கல்லுக்கு, காருக்குள்ளாலை ஒரு நூல் பிடிச்சாங்கள். நூல் ஹெர் வான்னரின்ரை இடுப்புக்கு மேலாலை போச்சு. தலையும் துவக்கும் இரண்டாங் கன்டோன், காலும் பெருவிரல் கட்டும் முதலாங் கன்டோன்.

"என்ன நடந்தது?" எண்டு ஒருத்தன் கேட்டான்.

பாலசிங்கம் தனக்குத் தெரிஞ்ச டொச்சிலை, அதுதான் ஜேர்மன் மொழியிலை, "செத்தார். பேந்து நான் திருப்பினன்" எண்டார். அதை எழுதினாங்கள்.

அதுக்குப் பிறகு நாலு மணித்தியாலம் ஒருத்தரும் காரை அசைக்கேல்லை. அசைச்சால் துவக்கை வாகனத்திலை கொண்டுபோனதாப் போகுமாம். அதுக்கு இரண்டு கன்டோனும் ஒத்துக்கொள்ள வேணுமாம், ஞாயிற்றுக்கிழமை ஒத்துக்கொள்ள ஆளில்லையாம். "அப்ப ஹெர் வான்னரையாவது எடுங்கோவன்" எண்டு பாலசிங்கம் கெஞ்சினார். "அவரை எடுத்தால் துவக்கு ஆளில்லாமல் நிக்கும்" எண்டான் பொலிஸ்காரன். வெய்யில் கண்ணாடியாலை கிழவரின்ரை முகத்திலை அடிச்சது. பாலசிங்கம் தன்ரை ஜாக்கெற்றைக் கழட்டி, நாலு மணித்தியாலமும் நிழல் பிடிச்சுக்கொண்டு நிண்டார். அந்தச் சூட்டுத் திருவிழாவுக்குப் போற பெடியள் தோளிலை துவக்கோடை சைக்கிளிலை அந்தத் தெருவாலை போனவை. பொலிஸ் அவைக்குச் சிரிச்சுக் கை காட்டினது.

விசாரணை தொடங்கினது அப்படித்தான். ஹெர் வான்னர் செத்த பிறகு அந்தத் துவக்கைக் காரிலை கொண்டுபோனது ஆர்? கொண்டுபோனவர் வெளிநாட்டவர் எண்டால் எந்தக் கன்டோன் சட்டம்? இதுக்கு மறுமொழி வருமட்டும் நல்ல பேர்க் கடுதாசி இல்லை. கடுதாசி இல்லையெண்டால் ஜெயமலருக்கும் வேணுகாவுக்கும் விசா இல்லை.

விசாரிச்ச சட்ட அதிகாரியை, பட்டம் எடுத்த பொம்பிளை எண்டதாலை, ஃப்ராவ் டொக்டர் எண்டுதான் கூப்பிடுறது. அவ நல்லவ, அதைச் சொல்லத்தான் வேணும். அவவுக்குக் கோப்பைக் கெதியா மூடிவிடத்தான் விருப்பம். பேனையைக் கீழை வைச்சிட்டு ஆறுதலாக் கேட்டா.

"திரு. பாலசிங்கம், நன்கு சிந்தித்துப் பதிலளியுங்கள். தாங்கள் வாகனத்தைத் திருப்பிய வேளையில் திரு. வான்னர் இன்னமும் சுவாசித்துக்கொண்டிருந்திருக்கலாம் அல்லவா? அவ்வாறாயின் துவக்கைக் கொண்டு சென்றவர் அவரே. தாங்கள் வெறும் சாரதி."

கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு நிக்கிறா, கண்டியளோ. "ஓம்" எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் காணும். நான் அதை எழுத்துப் பிசகாமல் தமிழிலை சொன்னன். முருகா, ஓமெண்டு சொல்லு மனிசா எண்டு உள்ளுக்குள்ளை கத்தினன்.

"இல்லை. செத்திட்டார். அதாலைதான் திருப்பினனான்" எண்டார் பாலசிங்கம். "உயிரோடை இருக்கிற மனிசனுக்குக் கால் பெருவிரல் கட்டுவினமோ?"

நான் அதையும் எழுத்துப் பிசகாமல் டொச்சிலை சொன்னன். ஃப்ராவ் டொக்டர் என்னைப் பாத்தா. நான் சுவரைப் பாத்தன். அவ பேனையை எடுத்து எழுதினா. அந்த இடத்திலை நான் ஒரு சொல்லை மாத்தியிருந்தால் ஆருக்குத் தெரியும்? நேர்மையான மொழிபெயர்ப்பாளன் எண்ட பேருக்காக வாயை அடக்கினன். அந்தப் பேரை இப்ப என்ன செய்யிறது, உப்புப் போட்டு ஊறுகாய் போடுறதோ?

வெளியிலை வந்த உடனை பிடிச்சுக்கொண்டன். "அண்ணை, உங்களுக்கு விசரோ? அந்தப் பொம்பிளை வாய்க்குள்ளை வைச்சுத் தீத்தினவ. விழுங்கிறதுக்கென்ன?"

"சிறி, ரோட்டிலை நான் சொன்னது எழுதுப்பட்டிட்டுது. இப்ப மாத்திச் சொன்னால் முரண்பாடு எண்டு வரும்." படியிலை இறங்கிக்கொண்டே சொன்னார். "எண்பத்தாறிலை அகதி விசாரணையிலை என்னைப் பிடிச்சுக்கொண்டு போன லொறி பச்சை எண்டனான். இரண்டாந்தரம் கேக்கேக்கை நீலம் எண்டிட்டன். அந்த லொறியின்ரை நிறத்துக்குப் பத்து வருசம் போச்சு, சிறி. இனி நான் ஒண்டையும் மாத்திச் சொல்லமாட்டன்."

எங்கடை ஆக்கள் எல்லாரும் அந்தக் கதிரையிலை இருந்து படிச்ச பாடம் அதுதான். பொய்யோ மெய்யோ, முதற் சொன்னதை விடாதை. இந்த நாடு படிப்பிச்ச பாடத்தை அவர் அவ்வளவு வடிவாப் பாடமாக்கி வைச்சிருந்தார்.

அடுத்த வருசம் இரண்டு கன்டோனும் சேர்ந்து ஒரு கூட்டம் வைச்சினம். அதுக்கெண்டு 'வாகன ஆயுத இணைப்புக் குழு' எண்டொரு குழு பிறந்தது. தலைவர் ஹெர் ட்ரூட்மன் எண்டு நல்ல உடுப்புப் போட்ட, மணக்கிற மனிசன். எழும்பி நிண்டு பேசினார்.

"எமது நாட்டின் இல்லங்களில் துவக்குகள் உள்ளன. அதனாலேயே நாம் அமைதியாக வாழ்கிறோம். ஒரு துவக்கு எங்கே இருக்கிறது என்பதன்று, எவருடன் இருக்கிறது என்பதே கேள்வி. திரு. வான்னருடன் இருந்தபோது அது பாரம்பரியம். அவர் இறந்த கணத்தில் அது ஆயுதமாயிற்று. திரு. பாலசிங்கமே அதற்குக் காரணம் என்று நாம் கூறவில்லை. அவர் அருகில் இருந்தார் என்றே கூறுகிறோம். வெளிநாட்டவர் மீது எமக்கு எவ்வித வெறுப்பும் கிடையாது. என் தாயாரை நாள்தோறும் நீராட்டுபவரும் ஒரு தமிழரே. மிக அமைதியானவர். பெயர்தான் நினைவில் இல்லை."

எல்லாரும் மேசையிலை தட்டினவை. அது இஞ்சத்தைக் கைதட்டு.

பேந்து ஒரு வைத்தியர் வந்து, செத்தவரின்ரை கைக்கு எட்டிற தூரம் எவ்வளவு எண்டு முக்கால் மணித்தியாலம் விளக்கினார். கையின்ரை நீளம் எழுபத்திநாலு சென்ரிமீற்றராம். செத்த பிறகும் அது எழுபத்திநாலுதானாம், ஆனால் எட்டாதாம். உதை நான் தமிழிலை சொல்லச் சொல்ல, பாலசிங்கம் குனிஞ்ச தலை நிமிரேல்லை. அந்தக் கையைப் பிடிச்சு நடத்தித் திரிஞ்சவர் அவர்.

கூட்டத்திலை எடுத்த முடிவு, நடந்ததை ஒருக்கா நடத்திப் பாக்கிறது. துவக்கும் அதே துவக்காத்தான் இருக்க வேணுமாம். அது இரண்டு கன்டோனுக்கு ஊடாலை போறதுக்கு அனுமதிப் பத்திரம் வேணும். அதின்ரை இலக்கம், செய்த வருசம், செய்த இடம் எல்லாம் எழுதி, படமும் ஒட்டி, மூண்டு கிழமையிலை பத்திரம் வந்திட்டுது. பாலசிங்கம் அதை வாங்கி முன்னையும் பின்னையும் திருப்பிப் பாத்தார். "படமெல்லாம் ஒட்டிக் குடுத்திருக்கிறாங்கள், சிறி" எண்டு மட்டும் சொன்னார். அந்த நேரம் வேணுகாவின்ரை விண்ணப்பம் போட்டு இருபது மாசம்.

நடத்திப் பாத்த நாள் ஐப்பசி மாசம், குளிர். ஹெர் வான்னருக்குப் பதிலா எழுபத்தொரு கிலோ மண் மூட்டை ஒண்டை முன் சீற்றிலை பெல்ற் போட்டு இருத்தினாங்கள். வைத்தியர் பின் சீற்றிலை. எல்லைக்கு முன்னம் ஒருக்கா, எல்லையிலை ஒருக்கா, தாண்டின பிறகு ஒருக்கா எண்டு மூண்டு தரம் மணிக்கூட்டைப் பாத்து, "இறந்துவிட்டார்" எண்டு மண் மூட்டையைப் பாத்துச் சொன்னார். ஒவ்வொரு தரமும் இரண்டு கன்டோன் எழுதுவினைஞரும் எழுதினவை. மூண்டு தரமும் நானும் மொழிபெயர்த்தன்.

"இப்போது தாங்கள் அன்று செய்தவற்றை அப்படியே செய்து காட்டுங்கள்" எண்டார் ஹெர் ட்ரூட்மன்.

பாலசிங்கம் பண்டேஜை எடுத்தார். மூட்டைக்குத் தாடை எங்கை இருக்கு? ஒரு மாதிரி மேல் வாயைச் சுத்திக் கட்டினார். கிறீம் டப்பியை உடைச்சு மூண்டு துளி விட்டார், சாக்கு உறிஞ்சிப்போட்டுது. பெருவிரல் கட்டக் குனிஞ்சவர் நிமிரேல்லை. மூட்டையின்ரை அடியைப் பிடிச்சுக்கொண்டு விம்மி விம்மி அழுதார். "இந்த மனிசனை ஏன் இப்படிப் போட்டு ஆட்டுறியள்? அவர் போயிட்டார். போக விடுங்கோவன்." தோட்டத்துக்குள்ளை நிண்ட அவ்வளவு பேரும் என்னைப் பாத்தினம். நான் அதையும் மொழிபெயர்த்தன். எழுதுவினைஞன் கொஞ்சம் யோசிச்சு எழுதினான்: 'பெருவிரற் கட்டு மீளச் செய்து காட்டப்படவில்லை.'

அதுக்குப் பிறகு கடிதங்கள்தான். முதலாங் கன்டோன் எழுதும், தலை உங்கடை பக்கம், நீங்களே பாருங்கோ எண்டு. இரண்டாங் கன்டோன் எழுதும், மனிசன் துவக்கை டிக்கிக்குள்ளை வைச்சது உங்கடை பக்கம், அங்கை அது கைக்கெட்டாத குற்றம், முதல் நீங்கள் முடியுங்கோ எண்டு. குற்றம் எண்டு ஒருத்தரும் எழுதேல்லை, குற்றம் இல்லையெண்டும் ஒருத்தரும் எழுதேல்லை. துவக்கைத் தூரத்துச் சொந்தம் ஒண்டு வந்து கையெழுத்து வைச்சு வாங்கிக்கொண்டு போச்சு. தொண்ணூற்றெட்டு ஆவணியிலை பாலசிங்கம் தானே கந்தோருக்குப் போய், மார்கழி பன்னிரண்டு வேணுகாவின்ரை பதினெட்டாவது பிறந்த நாள் எண்டு சொன்னார். கவுண்டரிலை இருந்த பெட்டை, வேணுகாவின்ரை பிறந்த நாளுக்கு வாழ்த்துச் சொல்லி அனுப்பினாளாம்.

மார்கழி பன்னிரண்டு வந்தது, போச்சு.

தொண்ணூற்றொன்பது தை முதலாந் திகதி முழு நாட்டுக்கும் ஒரே துவக்குச் சட்டம் வந்தது. பத்து நாளிலை முதற் கடிதம். பழைய கன்டோன் சட்டங்கள் இப்ப இல்லையாம், ஆனபடியாலை எந்தக் கன்டோன் எண்ட கேள்வியே இல்லையாம். பாலசிங்கத்திலை எந்தக் காலத்திலும் ஒரு குற்றமும் இருக்கேல்லையாம். நல்ல பேர்க் கடுதாசியும் உள்ளுக்கை வைச்சிருந்தது. அடுத்த கிழமை வெளிநாட்டவர் கந்தோரிலை இருந்து மற்றக் கடிதம். அவற்றை வீட்டுக் குசினியிலை இருந்து நான் வாசிச்சுச் சொன்னன்.

"தங்கள் துணைவியாரின் விண்ணப்பத்தை மகிழ்வுடன் ஏற்கிறோம். செல்வி வேணுகா தற்போது வளர்ந்தவர். தமது வாழ்வைத் தாமே அமைத்துக்கொள்ளும் ஆற்றல் அவருக்கு உண்டு. அவருக்கு எமது வாழ்த்துகள்."

அவர் கடிதத்தை வாங்கி நாலா மடிச்சார். "ஜெயமலர் அவளைத் தனிய விட்டிட்டு வரமாட்டாள்" எண்டார். பேந்து, "நீயும் வா, சிறி. எனக்கு உதைச் சொல்லத் தெரியேல்லை" எண்டார்.

பின்னேரம் ஸ்ரேசனடியிலை எங்கடை பெடியன் ஒருத்தன்ரை கடையிலை இருந்து கொழும்புக்குப் போன் எடுத்தம். வேணுகாதான் எடுத்தவள். நான் பக்கத்திலை ஒட்டிக்கொண்டு நிண்டன், அவளின்ரை குரல் எனக்கும் கேட்டது. பாலசிங்கம் ஒவ்வொரு சொல்லாச் சொன்னார். அம்மாவுக்குக் கிடைச்சிட்டுது, உனக்கு இல்லை. ஏனெண்டால் நீ வளந்திட்டாய் எண்டு எழுதியிருக்கினம்.

அவள் அழேல்லை. ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அப்பா, நான் வளந்ததை நீங்களே பாக்கேல்லை. அவங்கள் எப்படிப் பாத்தவங்கள்?"

பாலசிங்கம் ரிசீவரை என்னட்டை நீட்டினார். மொழிபெயர்ப்பாளன்தானே எண்ட நினைப்பிலை நீட்டியிருப்பார். பிள்ளை தமிழிலைதான் கேட்டவள்.